கோகிலவாணியின் அஞ்சல்பெட்டி

ஒரே மடலை இருவர் படிப்பது என்ற வழக்கம் ஒழிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அது ஒழிந்ததை எவரும் கவனிக்கவில்லை என்பதே சிவநேசனுக்கு முதலில் வியப்பளித்தது. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருந்த 'மடலகம்' நிறுவனத்தில் அவன் சேர்ந்த அன்று, பொறியாளர் ஃபர்ஹானா தன் திரையில் இரண்டு மின்மடல்களை அருகருகே திறந்து காட்டினாள். இரண்டும் ஒரே குக்கருக்கான விளம்பரங்கள். ஒரே தெருவின் இரண்டு வீடுகளுக்கு ஒரே நேரத்தில் சென்றவை. முதலாவது, மதியத்தில் குழந்தை உறங்கும் ஒரு வீட்டையும் அங்கே விசில் சத்தத்துக்கு அஞ்சி அடுப்பருகே நிற்கும் ஒரு தாயையும் பற்றி மெல்லிய குரலில் பேசியது. இரண்டாவதில் எடை, உத்தரவாதம், ரப்பர் வளையம் கிடைக்கும் கடையின் முகவரி ஆகியவை மட்டும் இருந்தன; வணக்கம்கூட இல்லை.

"இதையெல்லாம் யார் எழுதறாங்க?"

"யாரும் எழுதறதில்ல. அந்தந்த வீட்டு நிழல் கேட்டு வாங்கிக்குது" என்றாள் ஃபர்ஹானா.

நிழல் என்பது அலுவலகச் சொல். அவள் விளக்கினாள்: "ஒவ்வொரு மெயில் ஐடிக்கும் எங்ககிட்ட ஒரு நிழல் இருக்கு. அந்த ஐடியில எதைத் திறந்தாங்க, எந்த வரியில நின்னாங்க, எதைப் பாதியில தூக்கிப் போட்டாங்க, எல்லாத்தையும் சில வருஷம் பாத்தா, அவங்க மாதிரியே படிக்கிற ஒரு ஆளை மெஷினுக்குள்ள செஞ்சிடலாம். மடலை மொதல்ல அந்த ஆளுக்குக் குடுப்போம். மூஞ்சியைச் சுளிச்சா மெஷின் மாத்தி எழுதும். திரும்பக் குடுக்கும். நிழல் எந்திரிச்சுக் கடைக்குக் கெளம்பற வரைக்கும் விடாது. கெளம்புச்சுன்னா, அந்த மடல்தான் நெஜ ஆளுக்குப் போகும்."

"நிழல் எப்படிங்க கெளம்பும்?"

"பாருங்க, இலக்கியம் படிச்சவங்களை வேலைக்கு எடுத்தா இதுதான் தொல்லை. உவமையைக்கூட விசாரிப்பீங்க."

அவனை வேலைக்கு எடுத்ததற்கே அந்த விசாரணைதான் காரணம். மடல்கள் மனதில் தைத்தன, சில வேளைகளில் தேவைக்கு மேல் தைத்தன. கடன் வாங்கத் தயங்கிய ஒருவருக்கு அவருடைய மகளின் திருமணத்தை நினைவூட்டி ஒரு மடல் சென்று, வழக்கு வரை போயிருந்தது. அதன் பிறகே, மாதிரிக்குச் சில மடல்களைப் படித்துப் பார்த்து, அவமதிப்பும் மிரட்டலும் நுழையாமல் காப்பதற்கு மொழியறிந்த ஒருவர் தேவை என நிறுவனம் முடிவு செய்தது. நவீனத் திறனாய்வில் முனைவர் பட்டம் பெற்று, கல்லூரிகளில் தற்காலிக விரிவுரையாளராகச் சில ஆண்டுகள் அலைந்திருந்த சிவநேசனுக்கு அந்த நாற்காலி கிடைத்தது.

அதில் அவன் விரைவிலேயே மகிழ்ச்சியாக அமர்ந்துவிட்டான். எழுத்து ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வாசகரைக் கற்பித்துக்கொள்கிறது. அந்தக் கற்பித வாசகருக்கும், மின்விசிறிக்கு அடியில் கொட்டாவி விட்டபடி படிக்கும் உண்மை வாசகருக்கும் இடையில் உள்ள தொலைவுதான் இலக்கியத்தின் துயரம் என்று அவன் தன் ஆய்வேட்டில் எழுதியிருந்தான். அந்தத் தொலைவு வரலாற்றில் முதன்முறையாக இங்கே இல்லாமல் ஆகியிருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. குக்கர் விற்பதற்காக அது நிகழ்ந்தது என்பதை அவன் ஒரு சிறு குறையாகவே கருதினான்.

அந்தக் குறையும் தை மாதத்தில் நீங்கியது. திருப்பூரில் இருந்த ஓர் அறக்கட்டளையின் கண் மருத்துவமனை மடலகத்தை நாடி வந்தது. மாவட்டத்தின் சர்க்கரை நோயாளர் பதிவில் உள்ள அனைவருக்கும் விழித்திரைப் பரிசோதனைக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். பரிசோதனை இலவசம், இருந்தும் யாரும் வருவதில்லை. வலி இல்லாததால் ஒத்திப்போடுகிறார்கள். பார்வை மங்கிய பிறகு வருகிறார்கள். அப்போது செய்வதற்கு அதிகம் இருப்பதில்லை.

மேலாளர் பெனடிக்ட் கூட்டத்தில் எழுந்து நின்று, "நேசன், இது உங்க ஏரியா. இந்தத் தடவை நாம எதையும் விக்கலை. மனசாட்சியோட வேலை பாக்கலாம்" என்றார்.

"இத்தனை நாளா எதோட பாத்தோம் சார்?" என்று ஃபர்ஹானா கேட்க, அறை சிரித்தது. சிவநேசன் சிரித்தபடியே தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் காலி செய்தான். "உங்களுக்குன்னு தனியா ஒரு தண்ணி கேன் போடணும் போல" என்றாள் அவள்.

அந்தப் பதிவில் அவனுடைய அக்காவின் பெயரும் இருந்தது.

*

கோகிலவாணி அவனுக்குப் பதினோரு வயது மூத்தவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் உருப்படிகளை வெள்ளை விளக்கின் கீழே விரித்து, ஓட்டையும் கறையும் தையல் விட்ட இடமும் உண்டா என்று பார்த்துத் தள்ளும் வேலை. கண்தான் அவளுடைய பிழைப்பு. சர்க்கரை அவளுக்குச் சில ஆண்டுகளாக இருந்தது. அப்பாவுக்கும் இருந்தது, கடைசிக் காலத்தில் அவர் சுவரைத் தடவிக்கொண்டே நடந்ததை இருவரும் பார்த்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் போனபோது அவள் ஆட்டுக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு. என்னடா இப்படி எளச்சுக் கெடக்கறே? அந்த ஆபீசுல சோறு போடறதில்லையா?"

"அதிருக்கட்டும். கண்ணுக்குப் போனியா?"

"ஆரம்பிச்சுட்டயா? காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் பேசு."

அவன் பேசினான். விழித்திரையின் நுண்குழாய்களைப் பற்றியும், அறிகுறியற்ற காலத்தைப் பற்றியும், அப்பாவைப் பற்றியும் வரிசை தவறாமல் பேசினான். அவள் காப்பியை ஆற்றியபடி கேட்டாள். ஒரு கட்டத்தில் கையை உயர்த்தினாள்.

"நீ பேசறது கிளாஸ் எடுக்கற மாதிரியே இருக்குதுடா. பரிச்சை வெச்சா நான் பெயிலாயிருவேன்."

"வெளையாடாதே அக்கா."

"வெளையாடல. எனக்கு அங்கெல்லாம் தனியாப் போறதுன்னா பயமா இருக்குது. அப்பனைக் கூட்டிட்டுப் போனப்ப அந்த டாக்டரு ஒரு வார்த்தை சொன்னாரே, 'இனி ஒண்ணும் பண்றதுக்கில்லீங்க'ன்னு. அது இன்னும் காதுலயே இருக்குது. நீ வந்து கூட்டிட்டுப் போறதுன்னா வர்றேன். வர்ற வெள்ளிக்கெழமை லீவு சொல்லட்டுமா?"

சொல்லு என்றான் அவன். பிறகு, "உன்ர மெயிலுக்கும் ஆஸ்பத்திரியிலருந்து ஒரு மடல் வரும். படி" என்றான்.

"எது, நீ வெச்சுக் குடுத்தியே, அதுவா? அது இப்பத்தான் என்ர போன்லயே வருது. கம்பெனில புதுப் போன் குடுத்தாங்கல்ல, கூட வேலை பாக்கற புள்ள ஏத்திக் குடுத்துட்டா. ஒரே புஸ்தக விளம்பரமா வருதுடா. ஆரோ எனக்குப் புஸ்தகப் பைத்தியம்னு சொல்லிட்டாங்களாட்ட இருக்குது."

அவன் சிரித்தான். அந்த முகவரியை அவள் பெயரில் உருவாக்கியவன் அவன்தான். எரிவாயு முன்பதிவு, ஆதார் திருத்தம், அக்கா மகளின் கல்லூரி விண்ணப்பம் என்று அவளுக்கு வந்த எல்லாவற்றையும் இத்தனை ஆண்டுகளும் அவனே தன் கைப்பேசியில் திறந்து, படித்து, வேண்டியதைச் செய்துகொடுத்திருந்தான். புதிய வாசகருக்குத் தள்ளுபடி தந்த பதிப்பகங்களுக்கு அவளுடைய முகவரியைக் கொடுத்திருந்தான். சிற்றிதழ்களின் செய்திமடல்கள்கூட அதற்கே வந்தன. இரவில் உறக்கம் வராதபோது அவன் படித்ததெல்லாம் அந்தப் பெட்டியில்தான்.

வெள்ளிக்கிழமை அவன் போகவில்லை. மருத்துவமனைக்கான மடல்கள் அன்றுதான் இறுதி செய்யப்பட்டன. முதல் நாள் மாலை அவன் அக்காவை அழைத்தான்.

"அக்கா, நாளைக்கு முடியாது போல இருக்குது."

"சரிடா. அடுத்த வாரம் பாக்கலாம்."

"அந்த மடல் வரும்க்கா. அதைப் படிச்சுப் பாரு. நான் சொல்றதைவிட அது உனக்கு நல்லாப் புரியும்."

அவன் அதை மனமாரவே சொன்னான். அது சாக்கு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நான்கு ஆண்டுகள் பேசியும் அவளை நகர்த்த முடியாத தன் குரலைவிட, அவளை முழுக்க அறிந்த ஒரு குரல் அவளிடம் பேசப்போகிறது என்று நம்பினான். அந்தக் குரலுக்கு இடம் விட்டுத் தான் விலகி நிற்பதே நேர்மை என்றுகூட நினைத்தான்.

*

மடல்கள் சென்றன. மருத்துவமனையின் வாசலில் வரிசை சாலை வரை நீண்டது. பரிசோதனைக் கருவிகள் போதாமல் கூடுதலாக வாடகைக்கு எடுத்தார்கள். பெனடிக்ட் அலுவலகத்தில் இனிப்பு வழங்கினார்; சர்க்கரை இல்லாத இனிப்பு என்று தனியாக ஒரு பெட்டியும் வாங்கியிருந்தார்.

மருத்துவமனையிலிருந்து நன்றி தெரிவித்துப் பேசிய அம்மையார் ஒரு சிறு செய்தியையும் சொன்னார். "கூட்டம் நல்லா இருக்குங்க. ஆனா எல்லாம் இளவட்டமா இருக்காங்க. முப்பது, முப்பத்தஞ்சு. பதிவுல பேரு இருக்கான்னு பாத்தா இல்ல. மெயில் பாத்து வந்தேன்னு சொல்றாங்க. எங்களுக்குச் சந்தோசம்தான்."

"விழிப்புணர்வு பரவுது மேடம்" என்றார் பெனடிக்ட்.

சிவநேசனும் அப்படித்தான் எண்ணினான். நல்ல எழுத்து தனக்கு உரியவரைத் தாண்டியும் செல்லும் என்று ஃபர்ஹானாவிடம் சொன்னான். அவள் ஒரு கணம் யோசிப்பதுபோல் இருந்தாள். பிறகு அடுத்த வேலைக்குத் திரும்பினாள்.

ஒரு நாள், விதிப்படி பார்க்கக் கூடாத ஒன்றை அவன் பார்த்தான். திரையில் அக்காவின் முகவரியைத் தேடினான். மடல் திறக்கப்பட்டிருந்தது. முழுமையாகப் படிக்கப்பட்டிருந்தது, ஒருமுறைக்கு மேலும் படிக்கப்பட்டிருந்தது. 'பொருத்தம்: மிக உயர்வு' என்று பச்சை எழுத்தில் இருந்தது. அவளுடைய நிழல் கிளம்பிவிட்டது. நிம்மதியாக அந்தப் பக்கத்தை மூடினான். போயிருப்பாள். போய்வந்ததைப் பற்றி அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தான். அவளும் காத்திருந்தாள் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

*

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை செக்கிங் மேசையில் கோகிலவாணி ஒரு பனியனை விரித்துவிட்டு, அதன் மீது ஒரு கறுத்த நூல் கிடப்பதைக் கண்டாள். எடுக்கப் பார்த்தாள்; வரவில்லை. அடுத்த பனியனிலும் அதே நூல், அதே இடத்தில் கிடந்தது. பிறகு அது கலங்கிப் பரவி, வலக்கண்ணின் முன் ஒரு திரையாக இறங்கியது.

சிவநேசன் மருத்துவமனையை அடைந்தபோது மருத்துவர் பொறுமையாகப் பேசினார். விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கிறது. வலக்கண்ணில் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இடக்கண்ணை லேசர் சிகிச்சையால் ஓரளவு நிறுத்திவைக்கலாம். சிறிய எழுத்தும் நுணுக்க வேலையும் இனிக் கடினம்.

"ஆறு மாசம் முன்னாடி ஒரு தடவை வந்திருந்தாப் போதுங்க. நாங்க மெயில்கூட அனுப்பியிருப்போமே" என்றார்.

வராந்தாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா கண்ணில் கட்டுடன் அமர்ந்திருந்தாள். அவன் வந்து நின்றதைக் காலடி ஓசையிலேயே அறிந்துகொண்டாள்.

"சாப்டியாடா?"

அவன் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தான். "அக்கா, அந்த மடல் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

"படிச்சியா?"

"மூணு வாட்டி படிச்சேன். நல்ல எழுத்துதான். ஆனா நம்மள ஆரும் அப்படிப் பேசமாட்டாங்கல்ல, பெரிய மனுசங்க பேசிக்கற மாதிரி. ஆருக்கோ வர வேண்டியது நமக்கு வந்துருச்சுன்னு நெனச்சேன்." பிறகு, குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லாமல், "நீ ஒரு வெள்ளிக்கெழமை வருவேன்னு பாத்துட்டிருந்தேன். உனக்கு வேலை சாஸ்தி" என்றாள்.

*

மறுநாள் அலுவலகத்தில் அவன் ஃபர்ஹானாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"எங்க அக்காவோட நிழலைத் திறந்து காட்ட முடியுமா?"

"அதுக்கு அனுமதி வேணும்..." என்று தொடங்கியவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திறந்தாள்.

திரையில் ஓர் ஆளின் வாசிப்புப் பழக்கம் விரிந்தது. ஃபர்ஹானா ஒவ்வொன்றாகப் படித்தாள். "நடுராத்திரிக்கு மேல படிக்கிறவர். மெதுவா. விலை போட்டிருக்கிற இடத்தைத் தாண்டிப் போயிடறார். நீளமான வாக்கியம்னா நின்னு திரும்பப் படிக்கிறார். 'உடனே', 'இன்றே'ன்னு வந்தா மூடிடறார். ஆச்சரியக்குறி பிடிக்காது. கட்டுரைன்னா கடைசி வரைக்கும் போறார். ஆனா கட்டுரை சொல்ற எதையும் செய்யறதில்ல. புத்தக அறிவிப்பு நெறைய. பாதிக்கு மேல வாங்கறதில்ல, எடுத்து வெச்சுக்கறதோட சரி." அவள் நிமிர்ந்தாள். "உங்க அக்கா பனியன் கம்பெனியில இருக்காங்கன்னு சொன்னீங்களே?"

"இது எங்க அக்கா இல்ல" என்றான். "இது நான்."

அவளுக்குப் புரியச் சில நொடிகள்தான் ஆயின. "அந்த ஐடியை நீங்கதான் பாத்துட்டிருந்தீங்களா?"

"ஏழு வருஷமா."

"யா அல்லாஹ்" என்றாள் மெதுவாக. பிறகு அவளே அடுத்த படியையும் ஏறினாள். "ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த இளவட்டம் எல்லாம்..."

மகன்களும் மருமகள்களும் தம்பிகளும் அக்கா பிள்ளைகளும்தான். இந்த ஊர்களில் பெரியவர்களின் மின்மடல் முகவரிகள் பெரியவர்களுடையவையாக இருந்ததே இல்லை. வங்கி கேட்டது, பள்ளி கேட்டது, எரிவாயு நிறுவனம் கேட்டது. வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளை ஒன்று முகவரியை உருவாக்கி, கடவுச்சொல்லைத் தானே வைத்துக்கொண்டது. அம்மாவின் பெயரில் மகன் படித்தான். பொறி அந்த மகனைப் பல ஆண்டுகள் உற்றுக் கவனித்து, அவனை உள்ளபடி அறிந்து, அம்மாவின் கண்ணைக் காப்பாற்றச் சொல்லி அவனுக்கு ஏற்ற மொழியில் எழுதியது. அவன் மனம் உருகி, கிளம்பிப் போய்த் தன் கண்ணைக் காட்டிவிட்டு வந்தான். மடல் பொய்க்கவில்லை. உரிய வாசகரை அது ஒவ்வொரு முறையும் சரியாகவே சென்றடைந்தது.

இருவரும் பெனடிக்டிடம் போனார்கள். அவர் கேட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தார்.

"நேசன், உங்க அக்காவுக்கு நேர்ந்தது எனக்கு ரொம்ப வருத்தம். ஆனா ஒண்ணு சொல்றேன். நாம மெயில் ஐடிக்குத்தான் அனுப்பறோம். ஆளுக்கு அனுப்பறதா ஒப்பந்தத்துல எங்கயும் எழுதலை."

"அந்த ஐடிக்குப் பின்னால நோயாளி இருக்காங்கன்னு நம்பித்தானே சார் ஆஸ்பத்திரி நம்மகிட்ட வந்துச்சு?"

"வந்த இளவட்டத்துல சில பேருக்குச் சர்க்கரை இருக்கறதே இப்பதான் தெரிஞ்சிருக்கு. அதையும் வேண்டாம்பீங்களா? நிறுத்திடலாமா?"

அந்தக் கேள்வி நியாயமாகவே இருந்தது. அதுதான் சிவநேசனை மேலும் வருத்தியது.

ஃபர்ஹானா கேட்டாள்: "சார், இந்த ரூம்ல மூணு பேர் இருக்கோம். எங்க அம்மாவோட மெயிலை நான்தான் பாக்கறேன். நிழல் செய்யறவளே நான்தான். எனக்கே இது தோணலையே, எப்படி?"

பெனடிக்ட் மேசை மீதிருந்த தன் கைப்பேசியைப் பார்த்தார். "எங்க அப்பாவோட பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கு" என்றார் பிறகு. "அவருக்குச் சர்க்கரை இருக்கு. அந்த மடலை நான் படிச்சேன். நல்லா எழுதியிருக்கோம்னு நெனச்சேன்."

அவர் கைப்பேசியை எடுத்தார். யாரை அழைக்கப்போகிறார் என்பது தெரிந்ததால் மற்ற இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். கண்ணாடிக்கு அப்பால் அவர் வெகுநேரம் எண்ணை அழுத்தாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவிடம் பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்பது அவருக்கு மறந்துபோயிருக்கலாம்.

*

கோகிலவாணி வேலையை விட்டாள். அவள் விட்டாள் என்று சொல்வது கம்பெனிக்கு மரியாதை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கழித்து அவன் போனபோது அவள் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். இடக்கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, பிறகு பார்ப்பதை விட்டு விரலாலேயே உருவினாள். அவன் அருகில் அமர்ந்து அந்த முகவரியின் கதை முழுவதையும் சொன்னான். நிழல் என்றால் என்ன என்பதை அவளுக்கு விளக்கிவிட முடியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அவளோ இடையிலேயே புரிந்துகொண்டாள்.

"அப்ப, என்ர பேர்ல உன்னைய மாதிரி ஒருத்தன உக்கார வெச்சு, அவனுக்குப் புடிக்கற மாதிரி எழுதிட்டாங்க."

"ஆமாக்கா."

"அவன் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டானா?"

"மெஷினுக்குள்ள போயிட்டான்."

அவள் சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "அதை இன்னொருக்காப் படி கேக்கலாம். எனக்கு இப்ப எழுத்துத் தெரிய மாட்டேங்குது" என்றாள். தன் கைப்பேசியை எடுத்துக் கொடுத்தாள்.

அவன் அந்த மடலை அதுவரை படித்ததில்லை. மாதிரிக்கு வந்த சிலவற்றில் அது இருக்கவில்லை. அக்காவின் பெட்டியிலும், அது அவளுக்கு உரியது என்று அதைத் திறக்காமல் விட்டிருந்தான். பிறகோ படிக்கத் துணிவு வரவில்லை. இப்போது உரக்கப் படித்தான்.

"வணக்கம். சர்க்கரை நோய் கண்ணை என்ன செய்யும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே அதை இங்கே விவரிக்கப்போவதில்லை. அறிந்திருப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டுவிட்டால், அதைச் செய்து முடித்துவிட்டதைப் போன்ற களைப்பும் நிம்மதியும் வந்துவிடுகின்றன. பிறருக்கு அதை எடுத்துச் சொல்லிவிட்டாலோ அந்த நிம்மதி இரட்டிப்பாகிறது. தம் வீட்டில் இந்த நோயைப் பார்த்தவர்கள் அதைப் பற்றி மிக நன்றாகப் பேசுகிறார்கள். நன்றாகப் பேசும்போது அது வேறு யாருடைய நோயோ ஆகிவிடுகிறது. எங்கள் கருவிக்கு விளக்கங்கள் தேவையில்லை. அதன் முன்னே தாடையை வைத்து, சொல்லும் திசையில் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இந்த ஒருமுறை, புரிந்துகொள்வதைத் தள்ளிவைத்துவிட்டு வாருங்கள்."

கடைசி வாக்கியத்தில் அவன் தடுமாறி, அதை மறுபடியும் படித்தான். எத்தனையோ ஆண்டுகளாக அவன் படித்த எந்த எழுத்தும் அவனை இவ்வளவு நெருங்கி வந்து நின்றதில்லை. இதுதான் அவன் ஆய்வேட்டில் ஏங்கிய எழுத்து. அக்காவின் கண்ணைக் கொடுத்து அதைப் பெற்றிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை அவன் பேருந்து ஏறியிருந்தால், இந்த மடல் யாருக்கும் பொருந்தாமல் போயிருந்தாலும் எதுவும் கெட்டுப்போயிருக்காது.

"தண்ணி குடிடா" என்றாள் கோகிலவாணி. அவன் எழுந்துபோய்ச் சொம்பு நிறைய மொண்டு குடித்தான். மறுபடியும் மொண்டான். அவள் அந்தத் திசையில் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தனை சொம்புடா குடிப்பே?"

"வெயில்க்கா."

"ஆடி கழிஞ்சு மழை தூறிட்டிருக்குது. வெயிலாம்." கீரையைக் கீழே வைத்தாள். "இங்க வா. உக்காரு. 'பிறருக்கு எடுத்துச் சொன்னா நிம்மதி'ன்னு எழுதியிருக்குதே, நான் ஆருக்குடா சொன்னேன்? என்ர பேச்ச ஆரு கேக்கறா? இது எனக்கு எழுதுனதில்லை. இது உனக்கே எழுதுனது. அப்பனுக்கு இருந்துச்சு. எனக்கு இருக்குது. எளச்சுக் கெடக்கறே. சொம்பு சொம்பாக் குடிக்கறே. உனக்கு வந்த மடல்ல உன்னைய வரச் சொல்லியிருக்குது." அவள் நிறுத்தினாள். "நீ போனியா?"

நான்கு ஆண்டுகளாக அவளுக்கு வகுப்பெடுத்தவன், ஒருமுறைகூடத் தன் விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை.

"எந்திரி" என்றாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைக்கா..."

"ஆஸ்பத்திரிக்கு ஏதுடா ஞாயிறு? சொக்காயை மாத்து. நான் கூட வர்றேன்."

பேருந்தில் அவள் சன்னலோரம் அமர்ந்தாள். இறங்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவமனைப் படிகளில் அவன் ஒவ்வொரு படியையும் அவளுக்குச் சொன்னான். வாசலில் அவன் கால் தயங்கியதை உணர்ந்து, "வாடா, நான் இருக்கறேன்ல" என்று அவள்தான் அவனை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பதிவு மேசையில் இருந்த பெண் பெயரையும் வயதையும் கேட்டுத் தட்டச்சு செய்தாள். பிறகு தலை நிமிராமலே, "ரிசல்ட் எந்த மெயில் ஐடிக்கு அனுப்பறதுங்க?" என்றாள்.

சிவநேசன் வாயைத் திறப்பதற்குள் கோகிலவாணி முன்னால் வந்து மேசையின் விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"மெயிலெல்லாம் வேண்டாமுங்க. என்ர போன் நம்பரக் குறிச்சுக்குங்க. கூப்புட்டுச் சொன்னீங்கன்னா, நான் அவனுக்குச் சொல்லிக்கறேன்."